பாடுகளின் மரியாள் அன்னை: உதகமண்டலம் முதல் கொழும்பு வரை

பிரான்சிஸ்கன் சிஸ்டர்மாரை நம்மில் அநேகருக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் புனித லூசியா பேராலயத் திருவிழாக் காலத்தில் அவர்களைக் கண்டு பழகியவர்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்த சைவப் பிள்ளைகள் சிலருக்கோ ஒரு கன்னியாஸ்திரியுடன் நேருக்கு நேர் பேசக் கிடைத்ததே பள்ளிக்கூடம் வந்த பிறகுதான். வெள்ளை உடுப்பு, சத்தமில்லாத நடை, கண்டிப்பு, கண்டித்த கையோடு தலையைத் தடவிவிடும் வழக்கம் ஆகியவை நமக்கு நினைவிருக்கின்றன. ஆனால் அந்தச் சபையைத் தொடங்கியவரைப் பற்றிக் கேட்டால், பிரான்சு நாட்டில் பிறந்த ஒரு மாதா என்ற அளவில் நிறுத்திவிடுவோம்.

அவர் தமிழ் மண்ணில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். அவருடைய சபைக்கு வித்து விழுந்த இடம் நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலம். ஆகவே அது ஐரோப்பாவில் முழுதாக உருவாகி நம்மிடம் வந்து சேர்ந்த சபை அல்ல, நமது அயலில் முளைத்த ஒன்று. நமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஒரு மனிதர் எப்படி உருவாகிறார், உருவானவர் மற்றவர்களை எப்படி உருவாக்குகிறார் என்ற கேள்விக்கு அதில் நல்லதொரு விடை உண்டு.

1839ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள நாந்த் நகரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹெலன். குடும்பப் பெயர் ஷப்போத்தான். வசதிக்குக் குறைவில்லாத வீடு. பக்தியும் ஒழுங்கும் நிறைந்த வளர்ப்பு. ஆனால் மரணம் அந்த வீட்டுக்குள் அடிக்கடி வந்து போயிற்று. உடன்பிறந்த சகோதரிகள் இருவரை அவர் இளமையிலேயே இழந்தார். 1856 ஏப்ரலில், 17 வயது நிறையுமுன், ஒரு தியானத்தின்போது இறைவன் தம்மை அழைப்பதாக முதன்முதல் உணர்ந்தார். அந்த அழைப்புக்கு உடனே இணங்கிப் புறப்பட முடியவில்லை. தாயார் எதிர்பாராமல் காலமானார். வீட்டுப் பொறுப்பு முன்னால் நின்றது.

1860 டிசம்பரில்தான் அவர் நாந்த் நகரின் கிளாரம்மாள் மடத்தில் சேர்ந்தார். அசிசி நகரின் புனித பிரான்சிஸ் வறுமையைத் தமது சொத்தாக்கிக்கொண்டவர். அவர் வழியில் நடந்த புனித கிளாரம்மாள் நிறுவிய சபையில், கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வராமல் செபத்திலும் தவத்திலும் வாழ்வார்கள். பிரபு வீட்டுப் பெண்ணை இழுத்தது அந்த எளிமைதான். மடத்தில் சேர்ந்து சில வாரங்களில், 1861 ஜனவரி 23ஆம் திகதி, அவருக்கு ஆழ்ந்த ஆன்மீக அனுபவம் ஒன்று கிடைத்தது. திருச்சபைக்காகவும் பாப்பரசருக்காகவும் தம்மைப் பலியாகக் கையளிக்கும்படி இறைவன் கேட்பதாக அவர் உணர்ந்தார். பலி என்ற அந்தக் காலச் சொல் இன்று நம் காதுக்குக் கடினமாக இருக்கலாம். தனக்கென்று எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாத வாழ்வு என்று அதை எடுத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை விளங்கும்.

அடுத்து வந்தது நோய். கடுமையாகச் சுகவீனமுற்று மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆசைப்பட்டுப் போன இடத்திலிருந்து உடம்பு ஒத்துழைக்காததால் வீடு திரும்பினார். அவருடைய வாழ்வில் ஒரு வாசல் மூடியது இதுதான் முதல் தடவை. கடைசித் தடவை அல்ல.

உடல் தேறியபின், ஆன்ம குருவின் ஆலோசனைப்படி 1864இல் பரிகார மரியாள் சபையில் சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, துலூஸ் நகரில் சபை உடுப்பைப் பெற்றார். பாடுகளின் மரியாள் என்ற துறவறப் பெயரும் அன்றுதான் கிடைத்தது.

கத்தோலிக்கர் அல்லாத நமது தோழியருக்காக ஒரு விளக்கம். கன்னியாஸ்திரி ஆவது ஒரே நாளில் நடப்பதல்ல. முதலில் மடத்தில் தங்கிப் பார்க்கும் காலம். விரும்பிச் சேர்ந்தவர் சபையையும் சபை அவரையும் அறிந்துகொள்வதற்கானது அது. பிறகு உடுப்புப் பெற்று நவசந்நியாசம். செபம், மௌனம், வேலை, சபைச் சட்டம் எல்லாம் பழகும் காலம் இது. அதன்பின் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் குறித்த காலத்துக்குக் கொடுப்பார்கள். பல ஆண்டுகள் வாழ்ந்து பார்த்த பிறகே நித்திய வார்த்தைப்பாடு. இடையில் எந்தக் கட்டத்திலும் திரும்பிப் போகலாம், திருப்பி அனுப்பவும் படலாம். துறவற உருவாக்கம் என்று அவர்கள் சொல்வது இந்த நீண்ட பாதையைத்தான்.

வழமையாக நவசந்நியாசி ஒருவர் அமைதியான ஒரு வீட்டுக்குள் காவலாக வைத்து வளர்க்கப்படுவார். பாடுகளின் மரியாளுக்கு அது வாய்க்கவில்லை. 1865 மார்ச்சில், நவசந்நியாசம் முடியுமுன்பே, அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சூயஸ் கால்வாய் திறப்பதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த காலம் அது. வந்து சேர்ந்தது இயேசு சபைக் குருமாரின் பொறுப்பிலிருந்த மதுரை மறைபரப்புப் பகுதி. அங்கே பரிகார மரியாள் சபையினரின் முக்கிய வேலைகளில் ஒன்று, தமிழ்ப் பெண்களைக்கொண்ட ஓர் உள்ளூர்க் கன்னியர் சபையைப் பயிற்றுவிப்பது. தானே இன்னும் பயிற்சி முடிக்காதவர், மற்றவர்களைப் பயிற்றும் வேலைக்குள் வந்து விழுந்தார். 1866 மே 3ஆம் திகதி தமது முதல் வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு ஒரு மடத்தின் தலைவியானார். அதையடுத்து அந்தப் பகுதியின் மூன்று மடங்களுக்கும் பொறுப்பான மாகாணத் தலைவியாக நியமிக்கப்பட்டார். வயது 28. வெயிலும் காய்ச்சலும் அந்நிய மொழியும் ஒரு பக்கம், மறைபரப்புப் பகுதிக்குள் முன்பே இருந்த மனஸ்தாபங்கள் இன்னொரு பக்கம். அவர் வந்தபின் சில காலம் மடங்களில் அமைதி திரும்பியது, வேலைகள் பெருகின. 1874இல் கோயம்புத்தூர் மறைப்பகுதிக்குள் அடங்கிய உதகமண்டலத்தில் ஒரு புதிய மடம் திறக்கப்பட்டது.

ஆனால் மதுரைப் பகுதியில் பிணக்குகள் முற்றிக்கொண்டே போயின. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரு பக்கத்திலும் நல்ல மனத்தோடு உழைத்தவர்கள் இருந்தார்கள். முடிவை மாத்திரம் சொல்லலாம். 1876இல் 20 கன்னியர் அந்தச் சபையைவிட்டு விலகினார்கள். பாடுகளின் மரியாளும் அவர்களில் ஒருவர். விலகியவர்கள் உதகமண்டலத்தில் ஒன்றுகூடி, கோயம்புத்தூர் ஆயர் ஜோசப் பார்தூவின் ஆதரவில் தங்கினார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாகக் கொடுத்த 20 பெண்கள், சொந்த நாட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தொலைவில், தாய்ச் சபை இல்லாமல், பெயர் இல்லாமல், நாளை என்ன என்று தெரியாமல் ஒரு மலைமேல் இருக்கிறார்கள். திருச்சபை அவர்களை ஏற்காவிட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அவர்கள் கையில் மிஞ்சியவை அதுவரை பழகிய செபமும், வேலை செய்யும் பழக்கமும், ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையுமே. பிற்காலத்தில் உலகெங்கும் பரந்த ஒரு சபைக்கு இவைதான் முதலீடு.

பாடுகளின் மரியாள் பத்திரிகையில் எழுதவில்லை, ஊரில் ஆள் சேர்க்கவும் இல்லை. 1876 நவம்பரில் உரோமைக்குப் போய் நிலைமையை விளக்கினார். 1877 ஜனவரி 6ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் புதிய சபைக்கு அனுமதி அளித்தார். மரியாயின் மறைபரப்புச் சபை என்பது அதன் பெயர். மறைபரப்புப் பணிக்கென்றே பெண்களுக்கான ஒரு சபை.

பிரான்சின் வடமேற்கே சென்-பிரியே என்ற ஊரில் நவசந்நியாச இல்லம் திறக்கப்பட்டது. பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சியில் மூன்று அடிப்படைகளைக் காணலாம். முதலாவது, நற்கருணை ஆராதனை. எவ்வளவு வேலை இருந்தாலும் ஒவ்வொரு நாளும் அந்த அமைதியில் அமர வேண்டும். இரண்டாவது, கைவேலை. தையல், பூவேலை, நெசவு, அச்சுக்கூட வேலை வரை சிஸ்டர்மார் கற்றார்கள். போன நாடுகளில் தொழிற்கூடங்களை நடத்தி, வறிய பெண்கள் கைத்தொழில் பழகிக் கூலி பெற வழி செய்தார்கள். மூன்றாவது, எங்கே அனுப்பினாலும் போவதற்கான ஆயத்தம். இந்த ஊர்தான் வேண்டும், இந்தத் தோழிதான் கூட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தமது வாழ்வில் தாமே கற்ற பாடங்களை அவர் ஒரு பயிற்சியாக ஒழுங்குபடுத்திவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. கிளாரம்மாள் மடத்தின் மௌனமும், மதுரைப் பகுதியின் உழைப்பும், உதகமண்டலத்தின் நிச்சயமின்மையும் அந்த மூன்றிலும் இருக்கின்றன.

1882 அக்டோபர் 4ஆம் திகதி, பிரான்சிஸ் திருநாளன்று, உரோமையிலுள்ள அராசேலி ஆலயத்தில் அவர் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். இளமையில் நோயால் கைவிட நேர்ந்த பிரான்சிஸ்கன் பாதைக்கு 43 வயதில் திரும்பி வந்தார், இம்முறை ஒரு சபையையே கூட்டிக்கொண்டு. அன்றிலிருந்து அது மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. சபைக்குள்ளேயே உள்ளூர இருந்த எதிர்ப்பு மேலெழுந்தது. 1883 மார்ச்சில் அவர் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தாமே தொடங்கிய சபையில் பதவி பறிபோனது. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் விசாரணைக்குக் கட்டளையிட்டார். அவர்மீது குற்றமில்லை எனத் தெளிவாகி, 1884 ஜூலையில் சபையின் பேரவை அவரையே மீண்டும் தலைவியாகத் தெரிவுசெய்தது. அந்த ஓர் ஆண்டுக்கு மேலான காலத்தில் சபை உடைந்து போகவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தலைவி இல்லாத போதும் சபை நிலைத்ததென்றால், அவர் கொடுத்த பயிற்சி ஆட்களுக்குள் இறங்கியிருந்தது என்று அர்த்தம்.

இரண்டு ஆண்டுகளில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அப்போது இங்கே ஆயராக இருந்தவர் கிறிஸ்தோபர் பொஞ்ஞான் ஆண்டகை. முன்பு யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர். 1886இல் கொழும்பின் முதல் பேராயரானவர். கொழும்பு பொது வைத்தியசாலையில் நோயாளரைப் பராமரிக்கக் கன்னியர் வேண்டுமென்று அவர் கேட்டதற்கிணங்க, அதே 1886இல் பிரான்சிஸ்கன் சிஸ்டர்மார் இங்கு வந்தார்கள். நமது அம்மம்மாமார் பெரியாஸ்பத்திரி என்று சொன்ன அதே வைத்தியசாலைதான். 1864இல் அது தொடங்கியது. 1870இல் மருத்துவக் கல்லூரி வந்தது. அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1892இல்தான். அதாவது பெண் ஒருத்தி மருத்துவம் படிக்க அந்த வளவுக்குள் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே இந்தப் பெண்கள் அங்கே இராவும் பகலும் வார்டுகளில் நின்றார்கள். அந்த வளவில் படித்து அந்த வார்டுகளிலேயே உள்ளகப் பயிற்சி செய்த நம்மைப் போன்றவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

அவர்கள் வந்த காலத்தை மருத்துவக் கண்ணோடு பார்க்க வேண்டும். பெனிசிலின் இல்லை, சேலைன் ஏற்றும் வழக்கம் இல்லை. கொலராவுக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் மருந்து என்று சொல்லத்தக்கது இல்லை. அப்படியான காலத்தில் நோயாளி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் பராமரிப்பில் தங்கியிருந்தது. வாயில் துளித்துளியாகத் தண்ணீர் விடுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, நள்ளிரவில் பயந்து எழுபவரின் கையைப் பிடித்திருப்பது. இவற்றைச் செய்ய அறிவோடு பொறுமையும் வேண்டும். ஒரே வேலையை நூறாவது தடவையும் முதல் தடவை போலச் செய்யும் பொறுமை அது. அவ்வளவு பொறுமையை ஒரு பாடத்திட்டத்தால் மட்டும் கொடுத்துவிட முடியாது. ஆராதனையில் தினமும் அசையாமல் அமரப் பழகியவருக்கு அது வந்திருக்க வேண்டும்.

கொழும்போடு சபை நிற்கவில்லை. சீனா, பர்மா, ஆபிரிக்கா என்று சிஸ்டர்மார் போனார்கள். அன்னைக்கு வந்த மிகப் பெரிய அடி சீனாவிலிருந்து வந்தது. 1900 ஜூலை 9ஆம் திகதி, பொக்ஸர் கிளர்ச்சியின்போது, தையுவான் நகரில் அவருடைய ஏழு சகோதரிகள் கொல்லப்பட்டார்கள். முந்திய ஆண்டுதான் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அனுப்பியவர் அவரே. அனுப்பியவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, பிள்ளைகளைக் கப்பலேற்றியும் விமானமேற்றியும் அனுப்பிய நமது தாய்மார் அறிவார்கள். அதன் பிறகும் அவர் அந்த வழியை மூடவில்லை. 1904இல் அதே சீனப் பகுதிக்குப் போனவர்களில் அசுந்தா பல்லோத்தா என்ற இத்தாலியப் பெண்ணும் ஒருவர். அதிகம் படிக்காதவர், வீட்டு வேலைகளையே செய்துவந்தவர். அடுத்த ஆண்டே டைபஸ் காய்ச்சலில் இறந்தார். அவரும் கொல்லப்பட்ட எழுவரும் பிற்காலத்தில் பீடங்களின் மகிமைக்கு உயர்த்தப்பட்டார்கள்.

1904 நவம்பர் 15ஆம் திகதி இத்தாலியின் கடலோர ஊரான சான்ரேமோவில் பாடுகளின் மரியாள் காலமானார். வயது 65. அவர் விட்டுச் சென்ற சபையில் நான்கு கண்டங்களில் 86 இல்லங்களும் 2,069 சகோதரிகளும் இருந்தார்கள். உதகமண்டலத்தில் ஒன்றுகூடிய 20 பேரிலிருந்து 28 ஆண்டுகளில் வளர்ந்த வளர்ச்சி இது. 2002 அக்டோபர் 20ஆம் திகதி, மறைபரப்பு ஞாயிறன்று, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

இனி நமது கதைக்கு வருவோம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் உதவி பெற்றுவந்த மிஷன் பாடசாலைகளில் மிகப் பல அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போயின. அதே பத்தாண்டுக்குள் அரசாங்க வைத்தியசாலைகளில் கன்னியரின் தாதிப் பணியும் முடிவுக்கு வந்தது. வார்டுகளில் வெள்ளை உடுப்பைக் காண முடியாமல் போயிற்று. பிறகு 1983 வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வாசல் எரிந்து, அகதி முகாமில் இருந்து, கப்பலில் வடக்கே போய், அங்கிருந்து கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று போனவர்கள் இந்த மலரை வாசிப்பவர்களில் எத்தனை பேர்! சிஸ்டர்மார் அனுப்பப்பட்டுப் போனார்கள், நம்மவர்கள் துரத்தப்பட்டுப் போனார்கள். இரண்டும் ஒன்றல்ல. அப்படி ஒன்றாக்கிப் பேசுவது பட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். கட்டிடம், பதவி, ஊர் மூன்றும் பறிபோகக்கூடியவை. ஹெலனிடமிருந்து மடமும் சபையும் பதவியும் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு முறையும் மிஞ்சியது உருவான ஆட்கள். நம்மிடமும் அதுவே மிஞ்சியது. தொரொன்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் நமது தோழி, நோயாளியின் போர்வையை மடிக்கும் ஒழுங்கைப் பள்ளிக்கூட விடுதியில் பழகினாள். அவளுக்கு அதைப் பழக்கிய சிஸ்டருக்கும் யாரோ பழக்கியிருந்தார்கள். பின்னோக்கிப் போனால் அந்தத் தொடர் நீலகிரி மலையில் போய் நிற்கும்.

நூற்றாண்டுக்காக மண்டபம் திருத்தவும் கூரை மாற்றவும் நமது சங்கம் பணம் சேர்க்கிறது. அது வேண்டியதே, மழைக்கு ஒழுகும் வகுப்பில் பிள்ளைகள் படிக்க முடியாது. கூடவே ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தாதியர் பயிற்சிக்குப் போக விரும்பியும் வசதியில்லாத நமது பள்ளிப் பிள்ளைகள் இருவரையாவது ஆண்டுதோறும் சங்கம் பொறுப்பேற்கட்டும். பயிற்சி முடியும்வரை பழைய மாணவி ஒருவர் அந்தப் பிள்ளைக்கு அக்காவாக இருந்து, பணத்தோடு நேரத்தையும் கொடுக்கட்டும். இந்த மலர் கைக்குக் கிடைக்கும் மருத்துவர்களும் தாதியரும் ஆசிரியைகளும் தங்கள் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் வரும் தவணையிலேயே தொடங்கிவிடலாம். அன்னையின் திருநாள் நவம்பர் 15. முதல் இரண்டு பிள்ளைகளின் பெயர்களையும் அன்றைக்கே அறிவிக்கக் கூடுமானால் நல்லது.